பெயர் பலகையில் இருக்கிறது, ஆள் எங்கே? புற்றுநோயில் போனவர்களை நினைப்பது எப்படி

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு போகிறவர்கள் கட்டாயம் எட்டிப் பார்க்கும் இடம் லேடிஸ் சீட். இருட்டிய பிறகு கீழே சேலம் நகரம் மொத்தமும் விளக்காக மின்னும். போட்டோ எடுக்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. அந்த லேடி யார் என்று கேட்டுப் பாருங்கள். "வெள்ளைக்காரன் காலத்துல ஒரு அம்மா சாயங்காலம் வந்து உக்காருவாங்களாம்" என்பதைத் தாண்டி பதில் கிடைப்பது கஷ்டம். இடத்துக்குப் பெயர் நின்றுவிட்டது. அதில் உட்கார்ந்த மனுஷி போய்விட்டார்.

வீட்டில் ஒருவர் புற்றுநோயில் இறந்த பிறகு அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் ஒரு பேச்சு வரும். அம்மா நினைவா ஏதாவது பண்ணணும். கோயிலுக்கு ஒரு டியூப் லைட், பஸ் ஸ்டாப்பில் ஒரு சிமென்ட் பெஞ்ச், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பீரோ, வருஷா வருஷம் பேப்பரில் கண்ணீர் அஞ்சலி விளம்பரம். இளைய தலைமுறையானால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராமில் பழைய வீடியோ. வசதி இருந்தால் ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ ஒரு மரக்கன்று.

இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் இவை அனைத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. இறந்தவரின் பெயர் இருக்கும். அவர் எதனால் இறந்தார் என்பது இருக்காது. "உடல்நலக் குறைவால் இயற்கை எய்தினார்" என்ற வரியோடு விஷயம் முடிந்துவிடும். என்ன புற்றுநோய், எத்தனை வயதில் வந்தது, முதலில் என்ன தொந்தரவு இருந்தது, எத்தனை மாதம் கழித்து டாக்டரிடம் போனார்கள் என்ற எதுவும் அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. அந்த உயிர் போனதில் இருந்து மற்றவர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரே விஷயம் அதுதான். அதைத்தான் முதலில் புதைக்கிறோம்.

1923-ல் ஒரு தங்கை

தமிழ்நாட்டில் புற்றுநோயில் போன ஒருவரின் நினைவு எதுவரை போக முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. பலருக்குப் பாதிதான் தெரியும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றால் பள்ளிப் பாடத்தில் படித்தது ஞாபகம் வரும். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1927-ல் சென்னை சட்ட மேலவைக்குப் போய் அதன் துணைத் தலைவரும் ஆனவர். தேவதாசி முறை ஒழிப்புக்கும் அவ்வை இல்லத்துக்கும் பின்னால் இருந்தவர். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

1923-ல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். அக்கா டாக்டர். அந்த நாளில் இந்த மாகாணத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய பெண் டாக்டர்களில் ஒருவர். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே, கண் முன்னாலேயே, செய்வதற்கு எதுவும் இல்லாமல் ஓர் இளம்பெண் போய்விட்டார்.

பிறகு நடந்ததை வருஷங்களோடு பார்ப்பது நல்லது. 1925-ல் மேல்படிப்புக்காக லண்டன் போகிறார். அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இயங்குவதைப் பார்க்கிறார். 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையில், இங்கேயும் புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசுகிறார். பேசியதோடு சரி, ஒன்றும் நடக்கவில்லை. 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி திரட்ட ஆரம்பிக்கிறார். அப்போது அவருக்கு 60 வயது தாண்டிவிட்டது. புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கு எதற்கு ஒரு மருத்துவமனை என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் இருந்த காலம். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டுகிறார். 1954 ஜூன் 18 அன்று அடையாறில் மருத்துவமனை திறக்கிறது. மொத்தம் 12 படுக்கைகள்.

தங்கை இறந்து 31 வருஷம் ஆகியிருந்தது.

முதல் வருஷத் திதிக்குள் ஏதாவது செய்து முடித்துவிட வேண்டும் என்று துடிக்கிற குடும்பங்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 31 வருஷம். நடுவே சட்ட மேலவை, போராட்டங்கள், குடும்பம், ஒரு சுதந்திரம் எல்லாம் வந்து போயிருக்கின்றன. நினைவு அவசரப்படவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த மருத்துவமனைக்குத் தங்கையின் பெயரை வைக்கவில்லை. புற்றுநோய் நிலையம் என்றே வைத்தார்கள், பின்னால் மாதர் சங்கத்தின் பெயரோடு. ஊர்ப் பேச்சில் அது 'அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி'. 'கேன்சர்' என்ற சொல்லைச் சொல்லவே வாய் கூசிய காலத்தில் அதைப் பெயர்ப் பலகையில் எழுதி வைத்தார்கள். உள்ளே நுழைகிற ஆயிரம் பேரில் ஒருவருக்குக் கூட 1923-ல் போன அந்தப் பெண்ணைத் தெரிந்திருக்காது. இருந்தும் அங்கே நடக்கிற காரியத்துக்கு ஆரம்பம் அவர்தான். லேடிஸ் சீட்டுக்கு நேர் எதிரான கதை இது.

முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ்.கிருஷ்ணமூர்த்தி ஆரம்பத்திலேயே அந்த மருத்துவமனையில் சேர்ந்தார். 1955-ல் டாக்டர் வி.சாந்தா வந்தார். கையில் கிடைத்த அரசு வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவர். 2021 ஜனவரியில் இறக்கும் வரை அந்த வளாகமே அவருக்கு வீடு. ஒருவருடைய வீட்டுத் துக்கம் எப்படி ரத்த சம்பந்தமே இல்லாத இன்னொருவரின் வாழ்நாள் வேலையாக மாறியது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த மாநிலத்தில் இல்லை.

வைரத்தை விற்று ஒரு நினைவு

பெயர் வைப்பதே கூடாது என்று இல்லை. மும்பையில் அதே காலத்தில் நடந்த கதை ஒன்று உண்டு. தொழிலதிபர் சர் தோராப்ஜி டாடாவின் மனைவி மெஹர்பாய் 1931-ல் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். அவரிடம் ஜூபிலி என்ற வைரம் இருந்தது. 245 காரட். கோஹினூரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. மனைவி போன அடுத்த வருஷமே தோராப்ஜி, மனைவி பெயரில் ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக லேடி டாடா நினைவு அறக்கட்டளையைத் தொடங்கினார். சில வாரங்களில் அவரும் போய்விட்டார். வைரம் பிற்பாடு விற்கப்பட்டு அந்தப் பணமும் அறப்பணிக்கே போனது. 1941-ல் டாடா மெமோரியல் மருத்துவமனை திறந்தது.

இங்கே பெயர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் நோயோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. மெஹர்பாய் எதனால் போனாரோ, அந்த நோயைப் பற்றி ஆராயத்தான் அந்த அறக்கட்டளை. வைரமும் மருத்துவமனையும் சாதாரண வீட்டுக்குச் சாத்தியமில்லை, சரி. "எதனால் போனார்" என்பதை மறைக்காமல் இருப்பதற்கு வைரம் தேவையில்லை.

எரிந்து போகும் ஃபைல்

ஒரு மரணம் நடந்த வீட்டில் முதலில் காணாமல் போவது ஃபைல்தான். ஸ்கேன், பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, கீமோ அட்டவணை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கும். கருமாதி முடிந்ததும் துணிமணியோடு, மாத்திரை டப்பாவோடு அதையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். "அதைப் பார்த்தாலே வயிறு எரியுது" என்பார்கள். புரிகிறது. ஆனால் பத்து வருஷம் கழித்து மகள் ஒரு டாக்டர் முன்னால் உட்காரும்போது முதல் கேள்வியே "குடும்பத்துல யாருக்காவது கேன்சர் இருந்திருக்கா?" என்பதுதான். "அம்மாவுக்கு வயித்துல ஏதோ கட்டி" என்று அவள் சொல்வாள்.

வயிற்றில் கட்டி என்றால் அது குடலா, சினைப்பையா, கருப்பையா, இரைப்பையா? ஒவ்வொன்றுக்கும் மகளுக்குச் சொல்ல வேண்டியது வேறு.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர் ஆகியோரில் ஒருவருக்கு அது இருந்தால், மற்றவர்கள் 40 வயதிலோ, அல்லது அந்த உறவினருக்கு நோய் தெரிந்த வயதுக்கு 10 வருஷம் முன்பாகவோ, எது முந்தியதோ அப்போதே கொலோனோஸ்கோபி பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் மருத்துவ வழிகாட்டல். அப்பாவுக்கு 44 வயதில் கண்டுபிடித்தார்கள் என்றால் மகன் 34-லேயே டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்பாவின் வயதை மறந்துவிட்டால் இந்தக் கணக்கே போட முடியாது. ஐ.டி. கம்பெனியில் வேலை, 33 வயது, மூலம் என்று நினைத்து ரத்தப்போக்குக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடும் ஒருவருக்கு அப்பாவின் பழைய ரிப்போர்ட்டில் இருக்கும் ஒரு தேதி உயிர்ப் பிரச்சினை.

மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம் வரை பரம்பரையாக வரும் மரபணு மாற்றத்தால் வருபவை. பெரும்பாலானவை அப்படி இல்லை. அதனால் அம்மாவுக்கு இருந்தது என்று தெரிந்ததும் பீதி அடையத் தேவையில்லை. ஆனால் அம்மாவுக்கு 38 வயதில் வந்ததா, 70 வயதில் வந்ததா என்பது முக்கியம். சித்தி, பாட்டி, தாய்மாமன் வரை சேர்த்துப் பார்த்தால்தான் டாக்டரால் ஒரு முடிவுக்கு வர முடியும். சினைப்பைப் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் ஒரே மரபணுக் கோளாறில் இருந்து வரக்கூடும் என்பதால், "அம்மாவுக்கு இது, சித்திக்கு அது, ரெண்டும் வேற" என்று ஒதுக்கிவிடவும் கூடாது.

ஆகவே யாராவது போன வருஷம் அம்மாவை இழந்திருந்தால், அவர் பெயரில் செய்யக்கூடிய முதல் காரியத்துக்குச் செலவு எதுவும் இல்லை. ஃபைலைத் தேடி எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் ஸ்கேன் செய்து, குடும்ப குரூப்பில் போட வேண்டும். நோயின் சரியான பெயர், கண்டுபிடித்த வயது, முதல் அறிகுறி. மூன்று வரி போதும். குட் மார்னிங் படங்கள் வருகிற அதே குரூப்தான். "இப்போ எதுக்கு இதெல்லாம்" என்று ஒரு பெரியப்பா கேட்பார். கேட்கட்டும்.

மறைப்பதற்கும் காரணம் இருக்கிறது

குடும்பங்கள் நோயின் பெயரை மறைப்பது முட்டாள்தனத்தால் இல்லை. "பொண்ணுக்கு வரன் பாக்கணும், வெளிய சொல்லிடாதீங்க" என்பது உண்மையான பயம். ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்துத் தட்டைத் தனியாக வைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய் என்றால் இறந்த பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றியே கிசுகிசு வரும். வாய்ப் புற்றுநோய் என்றால் "அவன் போட்ட ஹான்ஸ்தான்" என்று ஒரே வரியில் ஒரு மனிதனின் வாழ்க்கையை மூடிவிடுவார்கள்.

இதைவிட ஆழமான காரணம் ஒன்றும் இருக்கிறது. "முன்னாடியே பார்த்திருந்தா பொழைச்சிருப்பாங்களோ?" இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் வாயே திறப்பதில்லை. மனைவி ஆறு மாதம் "இடுப்பு வலிக்குது" என்று சொன்னதை அலட்சியம் செய்த கணவர், அப்பாவை மூன்று மாதம் நாட்டு மருந்தில் வைத்திருந்த மகன், லீவு கிடைக்காமல் ஸ்கேனைத் தள்ளிப் போட்ட மகள். இவர்களிடம் போய் ஆரம்பத்திலேயே கண்டறிவது பற்றிப் பேசினால் அது குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும்.

எனவே இதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். எல்லாப் புற்றுநோயையும் முன்கூட்டிப் பிடித்துவிட முடியாது. கணையப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் பெரும்பாலும் முற்றிய பிறகே வெளியே தெரிகின்றன. நல்ல மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருந்தவர்களுக்கும் இது நடக்கிறது. ஒருவர் தாமதமாக வந்தார் என்றால் அதற்குப் பின்னால் கூலி, தூரம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமை என்று ஆயிரம் இருக்கும். அப்படியிருக்க மொத்தப் பழியையும் வீட்டில் ஒருவர் தலையில் கட்டுவது அநியாயம்.

துக்கத்தில் இருப்பவர் சமூகத்துக்குச் சேவை செய்தே ஆக வேண்டும் என்றும் யாரும் சொல்ல முடியாது. பரிசோதனை நடத்துவதும், மருந்து கொடுப்பதும், மலைக்கு டாக்டரை அனுப்புவதும் அரசின் கடமை. அம்மாவை இழந்தவர் அந்த இடத்தை நிரப்பத் தேவையில்லை. முதல் வருஷம் அழுதுவிட்டுச் சும்மா இருப்பதும் அஞ்சலிதான். பேசத் தயாராக இருக்கிறவர்கள் எதைப் பேசலாம், கையில் இருக்கும் பணத்தை எங்கே போடலாம் என்பது மட்டுமே இங்கே கேள்வி.

வினிகரும் நர்ஸும்: திண்டுக்கல் சொன்னது

இந்த இடத்தில் மலையைப் பற்றிப் பேச வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு ஏற்காடு என்றால் ஏரி, படகு, மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி. ஆனால் சேர்வராயன் மலையில் 67 மலைக் கிராமங்கள் இருக்கின்றன. மலையாளி பழங்குடி மக்கள் (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள்) பெரும்பாலும் காபி, மிளகுத் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறவர்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த நாளில் இருந்து இந்த மலையின் பிழைப்பு அதுதான்.

ஏற்காடு டவுனில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பயாப்ஸி, கீமோ, கதிர்வீச்சு என்று வந்துவிட்டால் கீழே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குத்தான் இறங்க வேண்டும். டவுனில் இருந்தே சுமார் 30 கிலோமீட்டர். உள்கிராமத்தில் இருந்து வருகிறவருக்கு, பஸ்ஸுக்குக் காத்திருந்து, இறங்கி, க்யூவில் நின்று, "நாளைக்கு வாங்க" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பினால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்ளும். அன்றைக்குப் போன கூலியையும், கூட வந்தவரின் கூலியையும், இருவரின் சாப்பாட்டையும் எந்த அட்டையும் பார்த்துக்கொள்ளாது. வலி இல்லாத ஒரு கட்டிக்காக, லேசான வெள்ளைப்படுதலுக்காக யார் இதைச் செய்வார்கள்?

இதற்கு என்ன வழி என்று கண்டுபிடித்ததே தமிழ்நாட்டுக் கிராமங்கள்தான். இதுவும் பலருக்குத் தெரியாது. 2000-ம் ஆண்டு தொடங்கி, திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையில் இருக்கும் மருத்துவமனையை மையமாக வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 114 ஊராட்சிகளை இரண்டாகப் பிரித்தார்கள். 57 ஊராட்சிகளில் 30 முதல் 59 வயதுப் பெண்கள் 49,311 பேருக்குப் பரிசோதனைக்கு அழைப்பு. மீதி 57-ல் வழக்கமான சிகிச்சை மட்டும். பரிசோதனை என்றால் பெரிய மெஷின் எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸ், கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார். சமையலறை வினிகர் மாதிரியான திரவம். ஒரு நிமிஷத்தில் வெள்ளையாக மாறும் இடம் இருந்தால் சந்தேகம். அதே நாளில் அந்த இடத்தை உறைய வைத்து அழிக்கும் சிகிச்சையையும் அங்கேயே கொடுக்கப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப வர வைத்தால் வர மாட்டார்கள் என்று தெரிந்து செய்த ஏற்பாடு.

2007-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. அழைப்பு போன ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதம் குறைந்தது. அதனால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்தது. உலகம் முழுக்க ஏழை நாடுகளுக்கு இது பாடமானது.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. அழைப்பு போன 49,311 பேரில் வந்தவர்கள் 31,343. அதாவது மூன்றில் ஒருவருக்கும் மேல் வரவில்லை. வீடு தேடிப் போய்ச் சொல்லி, கட்டணம் இல்லை என்று சொல்லியும் வரவில்லை.

அந்த மூன்றில் ஒருவரை யார் கூட்டி வருவது? சுவரொட்டியால் முடியாது. மைக் செட்டாலும் முடியாது. பக்கத்து வீட்டில் அம்மாவை இழந்த ஒருத்தி வந்து, "எங்கம்மாவுக்கு இதுதான் வந்துச்சு, முதல்ல இப்படித்தான் இருந்துச்சு, வாக்கா நானும் கூட வரேன்" என்று சொன்னால் நடக்க வாய்ப்பு இருக்கிறது. அரசால் நர்ஸை அனுப்ப முடியும், இப்போது அனுப்பவும் செய்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு படுத்த படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே போகிறது. கருப்பை வாய், மார்பகப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியும் அறிவிக்கப்பட்டது. ஆனால் "எங்கம்மாவுக்கு இதுதான் வந்துச்சு" என்ற வாக்கியத்தை எந்த அரசாணையாலும் உண்டாக்க முடியாது. அது அந்த மகளிடம் மட்டும்தான் இருக்கிறது.

பணம் இருந்தால்

பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு யோசனை: பெஞ்சுக்குப் பதிலாகப் பயணம். ஒரு நோயாளியும் கூட வருபவரும் மலையில் இருந்து சேலம் போய்வர பஸ் செலவு, சாப்பாடு, ஒரு நாள் கூலி. உள்ளூர் கிராம செவிலியருக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ யாருக்குத் தேவை என்று தெரியும். மேல்சிகிச்சைக்குச் சென்னை வரை போக வேண்டியவர்களுக்கு ரயில்வே சலுகை இருக்கிறது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, கூட வருபவருக்கு 75 சதவீதம். இதற்கு டாக்டரின் சான்றிதழ் வேண்டும். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் முழு டிக்கெட் எடுத்துப் போகிறவர்கள் நிறைய. ஃபார்மை நிரப்பிக் கொடுக்க ஓர் ஆள் போதும், பணமே தேவையில்லை.

பணமும் இல்லை, ஊரும் தூரம் என்றால் ரத்தத் தட்டணுக்கள் தானம் செய்யலாம். கீமோ எடுக்கும் ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு பிளேட்லெட் திரும்பத் திரும்பத் தேவைப்படும். அதைச் சேமித்து வைக்கவும் முடியாது. ஐந்து நாள்தான் தாங்கும். வருஷத்துக்கு ஒரு முறை பெரிய முகாம் நடத்தி நூறு பேர் கொடுப்பதைவிட, அதே நூறு பேர் வருஷம் முழுக்கப் பிரித்துக் கொடுப்பதுதான் மருத்துவமனைக்கு உதவும். அப்பாவின் பிறந்தநாள், இறந்தநாள், அம்மா அப்பா கல்யாண நாள் என்று ஒரே வீட்டில் மூன்று தேதிகள் கிடைத்துவிடும். கூந்தல் தானம் கல்லூரிகளில் இப்போது பிரபலமாக இருக்கிறது. நல்லதுதான். ஆனால் விக் இல்லாமல் ஒரு மாதம் காத்திருக்கலாம். பிளேட்லெட் இல்லாமல் ஒரு ராத்திரி காத்திருக்க முடியாது.

மலையில் பரிசோதனை முகாம் நடத்த நினைக்கும் பழைய மாணவர் சங்கங்களும், எஸ்டேட் குடும்பங்களும், சேலத்து நண்பர் குழுக்களும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம். அப்போது கிலோ கணக்கில் கூலி. ஒரு நாளை யாரும் விட மாட்டார்கள். நாற்காலி போட்டு, பேனர் கட்டி, டாக்டரைக் கூட்டி வந்து வெறும் பந்தலைப் பார்த்துவிட்டு "இந்த ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று இறங்கி வருவதில் அர்த்தம் இல்லை. பறிப்பு முடிந்த பிறகு வைக்கலாம். அல்லது சந்தை கூடும் நாளில், எப்படியும் டவுனுக்கு வருகிறவர்களுக்காக வைக்கலாம். பெண் நர்ஸ், கதவு உள்ள அறை, அன்றைக்கே முடிவு சொல்லும் ஏற்பாடு என்ற மூன்றும் இல்லை என்றால் தள்ளிப் போடலாம். சந்தேகம் என்று சொல்லப்பட்ட பெண்ணோடு மறுநாள் சேலத்துக்கு யார் பஸ் ஏறுவது என்பதையும் முகாமுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பேனரில் யார் போட்டோ போடுவது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.